பன்றி வேட்டைக்கு எந்த ரிவால்வர்? அண்ணனுக்காக நாலைச் சுட்டுப் பார்த்தேன்

நேரம் இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்றி, மான், எல்க் (அமெரிக்காவின் பெரிய மான் வகை) என்று பெரிய மிருக வேட்டைக்கு ஒரே ஒரு ரிவால்வர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ரூகர் கம்பெனியின் சூப்பர் ரெட்ஹாக், .44 மேக்னம் தோட்டா, ஏழரை அங்குலக் குழல். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் போனது அழகுக்கு. மூக்கு நீண்ட மெட்ரோ வாட்டர் லாரி மாதிரி ஒரு உருவம், ஆசைப்பட்டு எடுத்து வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை.

பெரம்பூரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஐஐடிக்குள் புள்ளிமான் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி வழிவிடுகிற ஊர்க்காரன் நான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டை என்பது தாத்தாக்கள் திண்ணையில் அளக்கிற கதை மட்டும்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று ஆணை போட்டதே என்று சிலர் கேட்பார்கள். அது காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பட்டா நிலத்துக்குள் வருகிற பன்றிக்கு, அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். நீங்களும் நானும் இல்லை.

ஆனால் பெரியப்பா மகன், அதாவது அண்ணன், டெக்சஸில் ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கிறார். கிரீன் கார்டு வந்து பல வருஷம் ஆகிறது. அங்கே காட்டுப்பன்றித் தொல்லை நம்மூர் கொசு மாதிரி, மாநிலம் முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஒரே ராத்திரியில் ஒரு சோள வயலை உழுதுவிட்டுப் போய்விடும். அண்ணனுக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், வந்து சுட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டைத் திறந்து விட்டிருக்கிறார். ரைஃபிளில் சில வருஷமாகச் சுட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்குத் திடீரென்று கைத்துப்பாக்கி ஆசை வந்துவிட்டது. போன டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை வந்தவர், மொட்டை மாடியில் வைத்து போனை நீட்டினார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500, முன்கை நீளத்துக்கு ஒரு பீரங்கி. "நீதான்டா கிளப்புக்கெல்லாம் போறவன், எப்படி இருக்குன்னு சொல்லு." நான் துப்பாக்கி கிளப்பில் சுடுவது சின்ன .22. கொசு மருந்து அடிக்கிறவனிடம் புலி பிடிக்க யோசனை கேட்ட கதைதான். ஆனாலும் தம்பி அல்லவா, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் சும்மா பார்க்கலாம் என்று மவுண்ட் ரோட்டில் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெரியவர் அண்ணன் காட்டிய படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, நம்மகிட்ட .32 தான். அதுக்கு லைசென்ஸ் வாங்கவே கமிஷனர் ஆபீஸுக்கு எத்தனை நடை நடக்கணும் தெரியுமா" என்றார். கான்பூரில் செய்யும் நிர்பீக் என்ற .32 ரிவால்வரைப் பற்றிப் பேச்சு வந்தது. 2014-ல் வந்தது, அரைக் கிலோதான் எடை, கைப்பைக்குள் அடங்கிவிடும். .32 குண்டின் வேகத்தில் இருக்கிற சக்தி சுமார் 100 அடி-பவுண்டு சொச்சம். .44 மேக்னம் நீளமான குழலில் இருந்து கிளம்பினால் 900 முதல் 1000. அந்த ஸ்மித் 500 என்றால் 2,500 வரை போகும். இந்த மூன்று எண்ணையும் கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்னால் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் மூன்றாவதைப் பார்த்ததும் கண் விரிந்ததே, அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிப்ரவரியில் மூன்று வாரம் டெக்சஸில் அண்ணனிடம் போயிருந்தேன். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் கவனிக்கவும், இது முக்கியம். அமெரிக்காவில் துப்பாக்கி எங்கும் கிடைக்கும், போனதும் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர், சுற்றுலா விசா மட்டுமில்லை எச்1பி-யும் சேர்த்துத்தான், துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள முக்கியமான விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட டெக்சஸில் 2019 முதல் லைசென்ஸே வேண்டாம் என்பது உண்மை, ஆனால் நம் விசாவுக்கு அது வேண்டும். அங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஐந்து நாள் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்தேன். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதை இங்கேயே ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஆன்லைனில் முடித்துவிட்டுத்தான் போனேன். எச்1பி-யில் இருந்துகொண்டு நண்பர்களோடு சும்மா ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்துப் போடுகிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு இந்த விஷயம் தெரிவதே இல்லை.

ஐந்து நாள்தான் கணக்கு, அதனால் சுடுவதை எல்லாம் அதற்குள் அடைத்தோம். சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் விவசாயியின் சொந்தத் துப்பாக்கி, ரூகர் சூப்பர் பிளாக்ஹாக். இந்த மாடல் 1959-ல் வந்தது, அவருடையது அறுபதுகளில் வாங்கியது, அப்பா சொத்து. சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்த பிறகுதான் விசை வேலை செய்யும். பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து தோட்டாவை ஒன்றொன்றாகப் போட வேண்டும், எடுக்கும்போதும் ஒன்றொன்றாகத் தள்ள வேண்டும். வேட்டையில் இது ஒரு குறையே இல்லை, பன்றி நமக்காக ஆறு தடவை நிற்காது. அவர் ஐந்துதான் போட்டார், ஆறாவது அறை காலி. 1973-க்கு முந்தைய ரூகர்களில் சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். அதற்குப் பிறகு வந்தவற்றில் உள்ளே ஒரு குறுக்குத் தகடு வைத்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதன் பிடி கலப்பை மேழி மாதிரி வளைந்திருக்கும். சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கையில் உருண்டு மேலே எழும்புவதால் உதை மணிக்கட்டில் நேராக அடிக்காது என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். ஆனால் உருளும்போது விசைக்காப்பின் பின்பக்கச் சதுர விளிம்பு நடுவிரல் முட்டியில் வந்து அறைகிறது என்பதை முதல் குண்டிலேயே தெரிந்துகொண்டேன். ரத்தம். அண்ணி கைப்பையிலிருந்து பேண்ட்-எய்டு எடுத்துக் கொடுத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிஸ்லி என்ற வேறு வடிவப் பிடி வைத்த மாடலில் இந்தத் தொல்லை குறைவு என்று விவசாயி சொன்னார். அதை நான் சுட்டுப் பார்க்கவில்லை. துல்லியம் அருமை, எடை சுமார் 1.36 கிலோ, நாள் முழுக்க இடுப்பில் தொங்கினாலும் தெரியாது. நாலு கொடுக்கலாம், விரல் முட்டிக்காக மூன்றரை.

அடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, ஆறு அங்குலக் குழல். 1955-ல் இந்த .44 மேக்னம் தோட்டா பிறந்ததே ஸ்மித்தின் ரிவால்வருக்காகத்தான். எல்மர் கீத் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் பழைய .44 ஸ்பெஷலில் அளவுக்கு மீறி மருந்தடைத்துச் சுட்டுச் சுட்டு, கம்பெனிகளை நச்சரித்து, கடைசியில் செய்ய வைத்தார். அந்த மாடல் 29-இன் துருப்பிடிக்காத எஃகு வடிவம்தான் 629. விசை இருக்கிறதே, வெண்ணெய். சுட்ட நாலில் இதன் விசைதான் முதல் இடம், சந்தேகமே இல்லை. இருந்தும் நான் இதை ஏன் சொல்லவில்லை என்றால், ரூகரைவிட இலேசு, துப்பாக்கியின் சட்டமும் (ஃப்ரேம்) மெலிது, கனமான வேட்டைத் தோட்டா போட்டால் பத்தாவது குண்டில் கை கெஞ்சுகிறது. வாரம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் ரசித்துச் சுடுகிறவருக்கு நான் 629-தான் சொல்வேன். பக்கவாட்டில் பூட்டுக்கு ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள், அது எதற்கென்றே தெரியவில்லை, பார்க்கவும் சகிக்கவில்லை.

இப்போது அண்ணனின் கனவுக்கன்னி. ஸ்மித் 500. ரேஞ்சோடு சேர்ந்த ஒரு கடையில் வாடகைக்குக் கிடைத்தது. கடைப் பையனுக்கு அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அலாஸ்கா கரடி, ஆப்பிரிக்கக் காட்டெருமை என்று ஒரு பத்து நிமிஷம் சொற்பொழிவு ஆற்றினான், ஆனால் எதைச் சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில், இதற்கு முன் என்ன சுட்டிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சூடான வாயு பீய்ச்சி அடிக்கும், இந்த அளவுத் தோட்டாவில் அங்கே விரல் இருந்தால் கிழிந்தே போகும், அதைக்கூட நான்தான் அண்ணனுக்குச் சொன்னேன். கடைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் ஏசி நன்றாக இருந்ததற்கு.

துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. 2003-ல் வந்தது, ஐந்து குண்டு, எட்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழல், இரண்டு கிலோ எடை. தூக்கும்போதே அரிசி மூட்டையிலிருந்து அளந்து போட்ட மாதிரி இருக்கிறது. காதுக்குள் பஞ்சடைப்பான், அதற்கு மேல் பெரிய காதுமூடி, இரண்டும் போட்டும் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் துப்பாக்கியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உதை நான் பயந்த அளவுக்கு இல்லை, அந்த எடையும் முனையில் வாயுவை மேலே தள்ளுகிற துளைகளும் நிறைய விழுங்கிவிடுகின்றன. ஆனால் நாலாவது குண்டு போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறேன் என்று எனக்கே தெரிந்துபோனது. அண்ணன் ஐந்தையும் சுட்டார். முதல் குண்டு நடுவில், கடைசிக் குண்டு காகிதத்திலேயே இல்லை. தோட்டா விலை, ஒவ்வொன்றும் மூன்று டாலர். ஐந்து தடவை விசையை அழுத்தினால் இங்கே நாலு பேர் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிடலாம்.

அண்ணனுக்கு இன்னும் ஆசை விடவில்லை, "பழகிடும்டா" என்றார். அப்போதுதான் கிளப்பில் எங்களுக்குச் செய்கிற ஒரு சோதனையைச் செய்தேன். மறுநாள் பண்ணையில் .44-இல் நானே தோட்டா போட்டுக் கொடுத்தேன், நடுநடுவே சுட்ட வெற்றுக்கூட்டையும் கலந்து. எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெற்றுக்கூடு வரும்போது க்ளிக் என்று மட்டும் கேட்கும், உதை இருக்காது, ஆனால் குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்தியது. வரப்போகிற உதைக்குப் பயந்து கை முன்னாலேயே தள்ளுகிறது. போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அதற்குப் பிறகு அண்ணன் 500 பற்றி இரண்டு நாள் பேசவில்லை. எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் முதல் வாரத்தில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

நடுவில் .454 கேசல் தோட்டா போடுகிற ரிவால்வர் ஒன்றும் இருந்தது, விவசாயியின் நண்பருடையது, ஆறு குண்டு மட்டும் சுட்டேன், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. 1,800 அடி-பவுண்டு, .44-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே துப்பாக்கியில் 1873-ல் பிறந்த .45 கோல்ட் தோட்டாவையும் போட்டுச் சாதுவாகப் பழகலாம் என்பது நல்ல வசதி. ஆனால் சின்னத் தோட்டா நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும், அதைத் துலக்காமல் பெரிய தோட்டா போட்டால் சிக்கிக்கொள்ளும். கரடிக் காட்டில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக சூப்பர் ரெட்ஹாக். 1987-ல் வந்த மாடல். அண்ணியின் ஆபீஸ் தோழி வீட்டுக்காரர் இரண்டு நாளைக்குக் கொடுத்தார். ஒன்றரைக் கிலோ, ஆறு குண்டு, பிடி முழுக்க மெத்தென்ற ரப்பர். குழலின் அடிப்பாகம் வரை சட்டம் நீண்டு வருவதால்தான் அந்த லாரி மூக்கு, ஆனால் காரணம் இருக்கிறது. ஸ்கோப் மாட்டுகிற பள்ளங்கள் அந்தச் சட்டத்திலேயே வெட்டப்பட்டிருக்கின்றன, வளையங்களும் பெட்டியிலேயே வருகின்றன. குழலில் துளை போட வேண்டாம், தனியாகப் பட்டை வாங்க வேண்டாம். விசையை நேராக இழுத்தால் கனம்தான், தண்ணீர் பம்பு அடிக்கிற மாதிரி. சுத்தியலை இழுத்து வைத்துச் சுட்டால் சுத்தமாக உடைகிறது, வேட்டையில் எப்படியும் அப்படித்தான் சுடப் போகிறோம்.

240 கிரெயின் எடையுள்ள குண்டு வைத்த தோட்டாவில் உதை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது தள்ளுகிற உதை, அறைகிற உதை இல்லை. பழக்கத்துக்கு .44 ஸ்பெஷல் போட்டால் .22 சுடுகிறவனே சிரித்துக்கொண்டு ஐம்பது சுடலாம். நான் சுட்டேன். மணல் மூட்டையில் வைத்து 50 கெஜத்தில் ஐந்து குண்டும் டீ சாஸர் அளவுக்குள் விழுந்தன. அண்ணி அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை, 25 கெஜத்தில் அண்ணனைவிட நன்றாகச் சுட்டார். இதை எழுதச் சொல்லி அண்ணிதான் கேட்டுக்கொண்டார்.

எத்தனை தூரத்தில் சுடலாம் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் பஜ்ஜி வைத்துக் கொடுக்கிற காகிதத் தட்டு ஒன்றை நட்டு வைத்து, நின்றோ மண்டியிட்டோ, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே சுட வேண்டும். ஆறு குண்டும் தட்டில் விழுகிற அதிகபட்ச தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம், துப்பாக்கி என்ன பெரிதாக இருந்தாலும் சரி. அண்ணனுக்கு ரெட்ஹாக்கில் அது 45 கெஜம். 500-இல் 15 கெஜம்கூட இல்லை. அந்தக் கவரில் நான் எழுதிக் கொடுத்த எண்களுக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் அவரே எழுதிக்கொண்டார்.

.44 போதுமா என்று கேட்பவர்களுக்கு: கொலராடோவில் எல்க் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் 50 கெஜத்தில் 550 அடி-பவுண்டு இருக்க வேண்டும், குழல் நாலு அங்குலமாவது வேண்டும் என்று விதி. .44 மேக்னம் அதைச் சிரமமில்லாமல் தாண்டும். காலிபரை, அதாவது குண்டின் பருமனை, ஏற்றுவதைவிடக் குண்டின் வகையைக் கவனிப்பது முக்கியம். மானுக்கு நுனியில் குழி வைத்த விரிகிற குண்டு போதும். வயசான ஆண் பன்றிக்குத் தோளின் மேல் கெட்டியான கவசம் மாதிரித் தோல் இருக்கும், அதற்கு விரியாமல் ஊடுருவிப் போகிற, தட்டை மூக்கு வைத்த கடின ஈயக் குண்டு. பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது, ஆட்டைப் பார்த்த கண்ணோடு குறிவைத்தால் மேலே போய்விடும்.

லைசென்ஸின் கடைசி நாள் சாயங்காலம் சோளம் தூவிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதலில் ஒரு பெரியது வந்தது, 80 கெஜம் இருக்கும். அண்ணன் தூக்கினார், பார்த்தார், இறக்கிவிட்டார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் பிடித்திருந்தது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடுத்தர அளவில் ஒன்று 35 கெஜத்துக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. ஒரே குண்டு. நாற்பது அடி ஓடி விழுந்தது. உரிக்கும்போது கையுறை கட்டாயம், காட்டுப்பன்றியிடமிருந்து புருசெல்லோசிஸ் மனுஷனுக்கு ஒட்டும். கறியில் கொழுப்பே கிடையாது, கட்டை. அண்ணி குக்கரில் எட்டு விசில் விட்டு, அப்புறம் மிளகு போட்டு வறுத்தார். பரவாயில்லை, ஆனால் நம்மூர் கறிக்கு ஈடு இல்லை.

கிளம்புகிற அன்று ஒரு கூத்து. நினைவுக்கு இருக்கட்டும் என்று சுட்ட வெற்றுக்கூடு ஒன்றை ஜீன்ஸ் பையில் போட்டிருந்தேன். அண்ணன்தான் ஏர்போர்ட் போகும் வழியில் கேட்டார், "பையெல்லாம் பார்த்தியா?" மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் ஒரு தோட்டா கிடந்து மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். காரை ஓரம் கட்டி, பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்ததில் சட்டைப் பையில் முழுத் தோட்டாவே ஒன்று இருந்தது. ரேஞ்சில் போட்ட துணிகள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணன் மார்ச்சில் புது சூப்பர் ரெட்ஹாக் வாங்கிவிட்டார், வேறு ஒரு கடையில், வரியோடு ஆயிரத்து சொச்சம் டாலர். மேலே இரண்டு மடங்கு பெரிதாக்கும் பிஸ்டல் ஸ்கோப் மாட்டியிருக்கிறார். போன வாரம் போனில் பேசும்போது ஒரு புகார் சொன்னார். இருநூறு குண்டுக்குள் ஸ்கோப் வளையத்தின் திருகாணி இரண்டு தடவை தளர்ந்துவிட்டதாம், குறி அரை அடி விலகியதாம். திருகு தளராமல் பிடிக்கிற நீலப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கிய பிறகு அசையவில்லை. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற சாமானில் அந்த வேலையைக் கம்பெனியே செய்து அனுப்பியிருக்க வேண்டும். அதனால் மேலே நான் கொடுத்த நாலரையை நாலேகாலாகப் படித்துக்கொள்ளவும்.